கரை தொடும் வரை



சோமனூரில் படகு ஏது என்று நீங்கள் கேட்கலாம். விசைத்தறியின் நாடா ஒன்றுதான் இங்கே படகின் வடிவில் நாம் காணும் பொருள். ஆயினும் ஒரு பரிசல்காரரிடம் கற்ற பாடம் இவ்வூரிலேயே நமக்குத் தேவைப்பட்டது.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிது; ஆடி மாதம். 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் நீர் பெருகினால், சிறுமுகையை அடுத்த லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் இடையே பரிசலே வழியாயிருந்த காலம். அக்கரையில் நோயுற்றிருந்த முதியவர் ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றோம். உபதேசியாரும் உடன் வந்தார்.

பரிசல் என்பது மூங்கிற் பிளாச்சுகளால் பின்னிய வட்டக் கூடை. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காற்று தள்ளிய பக்கம் சுழன்று போகும். ஆகையால் பரிசல்காரர் நேரே அக்கரையைக் குறிவைக்கவில்லை. முதலில் இக்கரையோரமாகவே, காற்று வரும் மேற்குத் திசையில் வெகுதூரம் துடுப்பு வலித்தார். பிறகே குறுக்கே திரும்பினார். காற்று தள்ளத் தள்ள, இறங்கும் இடம் தானே எதிரே வந்தது! கரையருகே, மேடு காற்றை மறைத்த ஓர் ஒதுக்கில் பரிசலை நுழைத்து வேகத்தைக் குறைத்தார். ஊன்றுவதற்குக் கழியை எடுத்தார்.

கரை நான்கு முழத் தொலைவுதான். நாம் எழுந்து நின்றோம். பாரம் ஒரு பக்கம் சாய, மறுநொடி இடுப்பளவு நீரில் கிடந்தோம். கழுத்தில் தொங்கிய நற்கருணைச் சிமிழ் தப்பியது இறைவன் கருணையே.

பரிசல்காரர் கோபிக்கவில்லை. "சாமி, கழி ஊனிப் பரிசல் நின்ன பொறவுதானுங்க கரை. அதுவரைக்கும் தண்ணிதானுங்க" என்றார்.

2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கூலி உயர்வு கேட்டு நம் பகுதி விசைத்தறிகள் ஒரு மாதத்துக்கும் மேலாக நின்றன. அந்த நெருக்கடியில், ஒரே கொட்டகையில் தறி ஓட்டிய சகோதரர் இருவர் கடன் காரணமாகப் பேச்சற்றுப் போயினர். பல மாலைகள் இரு வீட்டுக்கும் நடந்தோம். இளையவர் இளகினார், மூத்தவரும் தலையசைத்தார். கரை தெரிந்துவிட்டது! அந்த ஞாயிறே பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி, அந்தச் சமாதானத்தைப் புகழ்ந்தோம். மூத்தவர் எழுந்து வெளியே போனார். மூன்று மாதம் கோயில் படி மிதிக்கவில்லை.

மறுபடியும் நாம் பரிசலில் எழுந்து நின்றுவிட்டோம்.

அப்போஸ்தலர் பணி 27-ஆம் அதிகாரத்தை அன்றிரவு வாசித்தோம். புயலில் அலைந்த கப்பலின் மாலுமிகள், பதினான்காம் இரவில் நிலம் நெருங்குவதை உணர்ந்ததும் சிறு படகில் தப்பியோட முயன்றனர். அவர்கள் கப்பலிலேயே இராவிடில் மற்றவர்கள் பிழைக்க வழியில்லை என்று புனித சின்னப்பர் எச்சரித்தார். இருந்தார்கள், 276 பேரும் மால்தா கரை சேர்ந்தனர்.

மூத்தவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அதன்பின் சமாதானத்தைப் பற்றி வாய் திறவாமல், மாலைதோறும் அவர் தறியருகே சற்று உட்கார்ந்து திரும்பினோம். ஒருநாள் தம்பியின் தறியில் அறுந்த பாவு நூலை அண்ணன் பிணைத்துக்கொண்டிருந்தார். நாம் ஒன்றும் கேட்கவில்லை.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் ஒரு பிணக்கு தீரும் தருவாயில் இருக்கலாம். கடைசி நான்கு முழத்தில் பொறுமையாய் உட்கார்ந்திருங்கள்.

இதை எழுதலாமா என்று சகோதரர் இருவரையும் கேட்டோம். மூத்தவர் சிரித்தார்: "இப்ப எழுதுங்க சாமி."