நாக்பூரில் ஒரு குட்டி ரயில் உலகம்!

நமக்கெல்லாம் குட்டி ரயில் என்றால் ஊட்டி மலை ரயில்தான். அதன் தண்டவாள அகலம் 1,000 மி.மீ. வெறும் 762 மி.மீ. அகலத்தில் ஓடிய ரயிலைப் பார்க்க வேண்டுமா? நாக்பூர், மோதிபாக்கில் உள்ள குறுகிய பாதை ரயில் மியூசியத்துக்குப் போகலாம்.

சாத்பூரா மலைப்பகுதியில் பெங்கால் நாக்பூர் ரயில்வே போட்ட பாதைகள் இவை. பாதை குறுகினால் செலவு குறையும். மலை வளைவுகளில் திரும்புவதும் எளிது. ஆனால், பெரிய ரயிலில் வரும் சரக்கை இறக்கி, இதில் மாற்றி ஏற்ற வேண்டும். வேகமும் குறைவு. அதனால்தான் 2015-ல் நாக்பூர் - சிந்த்வாரா குட்டி ரயிலை நிறுத்தி, அகலப் பாதை போட்டார்கள். ஊர்மக்களுக்கு அது நல்லதுதான்.

2002-ல் மியூசியம் திறந்தபோது, இந்த ரயில்கள் வெளியிலும் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது அவற்றின் பழைய நீராவி இன்ஜினைப் பார்க்க, இங்கே வரலாம். குழந்தைகளையும் கூட்டிப்போங்க!