அப்பாவும் ஆகாயத்தாமரையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுட்டே இருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

நான் கோவைல பொட்டி தட்டற ஆசாமி. வாரத்துல அஞ்சு நாள் டேமேஜர் சொல்ற இடத்துல எல்லாம் ஆணி புடுங்கிட்டு, சனிக்கிழமை துணி தொவச்சுட்டு, ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்கறதுன்னு நிம்மதியா போயிட்டு இருந்துச்சு. அதைக் கெடுத்தவன் என் ரூம்மேட். சிங்காநல்லூர் குளத்துல ஞாயித்துக்கிழமை காலைல கொஞ்ச பேர் சேர்ந்து சுத்தம் பண்றாங்க, வாடான்னு ஒரு நாள் ஆறு மணிக்கே எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டான். டீயும் பன்னும் தருவாங்கன்னு சொன்னான், போனேன். ஹி ஹி.

சிங்காநல்லூர் குளம் 288 ஏக்கர். மாநகராட்சி 2017-ல இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம்னு அறிவிச்சாங்க. பேரு பெரிய பேரா இருக்கேன்னு போய்ப் பார்த்தா தண்ணியவே காணோம், பச்சைப் பாய் விரிச்ச மாதிரி ஆகாயத்தாமரைதான். அதுக்கு நடுவுல நீலத் தாழைக்கோழி ஒண்ணு கவர்மென்ட் ஆபீசர் மாதிரி மெதுவா நடந்து போயிட்டு இருந்துச்சு. தூரத்துல கூழைக்கடா கூட்டம்.

இந்த ஆகாயத்தாமரை இருக்கே, தென்னமெரிக்காவுல இருந்து வந்த செடி. பூ அழகா இருக்குன்னு ஊர் ஊரா கொண்டு போய் விட்டிருக்காங்க. சாக்கடைத் தண்ணில இருக்கற நைட்ரஜனும் பாஸ்பரசும் அதுக்குப் பிரியாணி மாதிரி. தோதான சூழல் கிடைச்சா ரெண்டே வாரத்துல ரெண்டு மடங்கு ஆயிடும். பிடுங்கினதைக் கரையோரம் போட்டு வெச்சா அழுகி மறுபடி குளத்துக்கே உரமாயிடும், அதனால தள்ளிக் கொண்டு போய்க் கொட்டணும். இடுப்பளவு தண்ணில நின்னு ஒரு ஆள் இழுக்க, அடுத்த ஆள் வாங்க, கரை வரைக்கும் சங்கிலி மாதிரி நிப்போம். வேர் முழுக்கத் தண்ணியக் குடிச்சிட்டு ஒவ்வொரு கொத்தும் என்னா கனம்ங்கறீங்க! மொத நாள் முடிஞ்சு ரெண்டு நாளைக்கு என்னால மவுஸ் பிடிக்க முடியல.

சாக்கடை வர்ற வரைக்கும் செடியும் வந்துட்டேதான் இருக்கும், பக்க நிறுத்தாம சர்வர ரீஸ்டார்ட் பண்ற கதைதானே இதுன்னு எனக்குத் தோணுச்சு. கேட்டும் வெச்சேன். எங்க குழுவுல மூத்தவர் ஒருத்தர், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், பேங்க் சார்னுதான் கூப்பிடுவோம். 2013-ல உக்கடம் பெரியகுளத்துல ஆயிரக்கணக்குல ஜனங்க தூர் வாரினாங்களே, அதுல இருந்து இந்த வேலைக்கு வந்தவர். "கரெக்ட்டுங்க தம்பி. ஆனா வாராவாரம் இங்க நாலு பேர் நின்னா லாரில கொண்டு வந்து கொட்டறவனுக்குக் கொஞ்சம் கூச்சமாவது இருக்குமில்லீங்"ன்னார். அதுக்கு மேல நான் கேக்கல.

அன்னிக்கு டீ குடிக்கறப்ப அவர்தான் கேட்டார்.

"ஊரு எதுங்க தம்பி?"

"திருப்பூருங்க சார்."

"அட, சாயத்தண்ணி ஊரா! நொய்யலக் கொன்ன ஊர்க்காரர் இங்க வந்து புண்ணியம் தேடறாரு பாருங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

"அப்பா என்ன பண்றாருங்க?"

"பனியன் கம்பெனிங்க சார்."

பொய்.

எங்கப்பா சாயப்பட்டறைல வேலை பார்த்தவர். சின்ன வயசுல எனக்கும் அக்காவுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. சாயங்காலம் அப்பா வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே இன்னிக்கு என்ன கலர்னு சொல்லணும். நேவி ப்ளூ, மெரூன், ராமர் பச்சை. அப்பா கைய விரிச்சுக் காட்டுவார். நகக்கண்ல எப்பவும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். பாலத்தைத் தாண்டறப்ப ஆத்தப் பார்த்தாலும் அதே விளையாட்டுதான். ஆறுன்னாலே ஒரு நாளைக்கு ஒரு கலர்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன்.

இதுல கொடுமை என்னன்னா, எங்க அம்மா ஊரு ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். நொய்யலுக்குக் குறுக்கே அந்த அணையக் கட்டினது 1992-ல. பாசனத்துக்குத் தண்ணி தேக்கத்தான் கட்டினாங்க, தேங்கினது சாயத்தண்ணி. அப்பச்சியோட கிணறு உப்பாச்சு. தென்னை குரும்பையிலயே கொட்டுச்சு. மாட்டுக்குக் குடிக்கத் தண்ணி வெளிய இருந்து வாங்கினாங்க. நோம்பிக்குப் போனா அப்பச்சி எங்கப்பாகிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டார். ஒரு தடவை கறி சாப்பாடு போட்டு எல்லாரும் உக்காந்திருக்கறப்ப, "மாப்ளைங்க கை கழுவுன தண்ணிதானுங்க எங்க கெணத்துல இருக்குது"ன்னார். அப்பா எலைய மூடிட்டு எந்திரிச்சுட்டார்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. சொட்டுக் கழிவு வெளிய விடக் கூடாதுன்னு ஐகோர்ட் 2006-லயே சொல்லிடுச்சு. யாரும் முழுசாக் கேக்கல. 2011 ஜனவரில சாயப்பட்டறை எல்லாத்தையும் இழுத்து மூடச் சொல்லி உத்தரவு. எழுநூத்துக்கும் மேல பட்டறைங்க, ஒரே அடியா நின்னுச்சு. எனக்கு அந்த மார்ச்ல பத்தாங்கிளாஸ் பரீட்சை. அப்பா மாசக்கணக்குல வீட்டுல. அம்மா பனியன் கட்டைக் கொண்டு வந்து போட்டுப் பிசிறு வெட்டுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து படிப்பேன். பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒண்ணு சொந்த ஊருக்கே மூட்டை கட்டிட்டுப் போயிடுச்சு. அந்தக் கோர்ட்டையும், கேஸ் போட்ட விவசாயிங்களையும், சேர்த்து எங்க அப்பச்சியையும் நான் திட்டாத திட்டு இல்ல. அப்பா ஒரு வார்த்தை பேசல.

அப்புறம் கழிவைச் சுத்திகரிச்சுத் தண்ணியத் திரும்ப எடுக்கற பிளான்ட்டோட பட்டறைங்க ஒண்ணொண்ணா ஓட ஆரம்பிச்சுது. அப்பாவும் திரும்பப் போனார். நான் இஞ்சினியரிங் படிச்சது அந்தச் சம்பளத்துல. அந்த வேலையத்தான் ஒரு டீ கிளாஸ் கைல இருக்கறப்ப நான் முழுங்கிட்டேன்.

போன மாசம் அப்பா ரூமுக்கு வந்தார். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நான் பழைய பேன்ட்டப் போடறதைப் பார்த்துட்டு நானும் வர்றேன்னார். வேண்டாம்ப்பா, சேறு, பாம்பு எல்லாம் இருக்கும்னு சொல்லிப் பார்த்தேன். பாம்பு பயத்துல சொல்லலைன்னு எனக்கே தெரியும்.

வந்தவர் நேரா தண்ணி உள்ள வர்ற வாய்க்காலுக்குப் போனார். குனிஞ்சு பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இது சாக்கடைடா. நொரை வேற மாதிரி இருக்கு பாரு. சாக்கடைன்னா வழி இருக்குது கண்ணு. சாயத்துல கலரு ஒரு விசயமே இல்ல, அது தெளிஞ்சுரும். துணில சாயம் பிடிக்கறதுக்கு உப்பு போடுவோமே, சிப்பம் சிப்பமா, அது போகாது. மண்ணுக்குள்ள எறங்குச்சுன்னா எறங்கினதுதான்."

பேங்க் சார் பின்னாடியே நின்னு கேட்டுட்டு இருந்திருக்கார்.

"இவ்வளவு வெவரமாச் சொல்றீங்களே, நீங்க என்ன பண்றீங்கோ?"

"சாயப்பட்டறைங்க. இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. பேங்க் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு டேமேஜர் அப்ரைசல்ல திட்டறது எவ்வளவோ தேவலை. அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "கையுறை ஒரு ஜோடி இருக்குதுங்க, போட்டுக்கிறீங்களா?"ன்னு கேட்டார்.

"வேண்டாமுங்க, நமக்கு வெறுங்கைதான் பழக்கம்"னு சொல்லிட்டு அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு எறங்கிட்டார். சங்கிலில எனக்கு அடுத்து நின்னார். ரெண்டு மணி நேரம் அவர் இழுத்துக் குடுக்கக் குடுக்க நான் வாங்கினேன். நடுவுல ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. மூச்சு வாங்கறப்ப மட்டும் நிமிர்ந்து, "இந்தத் தண்ணி இங்கிருந்து எங்கடா போகும்?"னார்.

"நொய்யலுக்குத்தான்ப்பா. அங்கிருந்து திருப்பூர்."

"அப்புறம் ஒரத்துப்பாளையம்"னார்.

சாயங்காலம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல பல்லடம் வண்டிக்கு நின்னுட்டு இருந்தோம். அப்பச்சி போய் மூணு வருசமாச்சு, அந்தக் கிணறு இன்னும் உப்புதான், மாமா தொட்டி கட்டி லாரித் தண்ணி ஊத்தறார்னு என்னென்னமோ பேசிட்டு இருந்தவர் வண்டி வந்ததும் படில கால வெச்சுட்டுத் திரும்பினார்.

"அந்தப் பேங்க்காரர்கிட்ட பனியன் கம்பெனின்னு சொல்லியிருந்தியாமா?"

"...ஆமாம்ப்பா."

"சரி விடு. சாயம் போட்டாத்தான்டா பனியன் கம்பெனியும் ஓடும்."

வண்டி கிளம்பிடுச்சு. இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை ராத்திரி கரெக்ட்டா போன் வருது. சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடியே, இன்னிக்கு எத்தனை லோடு எடுத்தீங்கங்கறார். பேங்க் சாரும் விடறதில்ல, அப்பா அடுத்து எப்பங்க தம்பி வர்றார்னு வாராவாரம் கேக்கறார். தீபாவளி கழிச்சு வர்றேன்னு சொல்லியிருக்கார், பார்ப்போம் :-)