வாப்பாவின் கழுவாத பிலிம்



ரமலானுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருக்க வேண்டும் என்பது உம்மாவின் கட்டளை. 2025 பிப்ரவரியில், ஷஃபான் மாத நடுவில், கீழக்கரையில் உள்ள எங்கள் பழைய வீட்டில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. இரும்புப் பீரோவை நகர்த்துவதற்காக அதனுள் இருந்தவற்றை வெளியே எடுத்தபோது, அடித்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொருள் ராத்தாவின் கையில் அகப்பட்டது. பிரித்தால், வாப்பாவின் யாஷிகா எம்.எஃப்-2 கேமரா. பேட்டரிகள் உப்புப் பூத்து ஒட்டிக்கிடந்தன. மேலே இருந்த சின்னஞ்சிறு சாளரத்தில் 17 என்ற எண் தெரிந்தது. உள்ளே பிலிம் இருந்தது.

"அதைத் திறக்காதே" என்று உம்மா சொன்னார்கள். அத்தனை வேகமாக அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

வாப்பா துபாயில் ஒரு கடையில் கணக்கு எழுதினார்கள். 1994இல் இரண்டு மாத விடுப்பில் வந்தபோது கொண்டுவந்த கேமரா அது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பயணத்தில் அவர்கள் எங்களை எடுத்த படங்களை நாங்கள் பார்த்ததே இல்லை. அதன் காரணத்தை அன்று இரவுதான் உம்மா சொன்னார்கள். அந்தச் சுருளில் இருந்தவை பெரும்பாலும் உம்மாவின் படங்கள். வீட்டுக்குள்ளும் கொல்லையிலும், தலையில் முக்காடு இல்லாமல், ஒரு மனைவி தன் கணவருக்கு முன் எப்படி இருப்பாளோ அப்படி எடுத்தவை. அதை ஊர் ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவினால் அந்நிய ஆடவர் ஒருவர் அத்தனை படங்களையும் பார்ப்பார். அதற்கு வாப்பாவும் உடன்படவில்லை, உம்மாவும் உடன்படவில்லை. "மீதிச் சுருளையும் அடுத்த விடுப்பில் எடுத்து முடித்து, அங்கே கொண்டுபோய்க் கழுவிக்கொள்கிறேன். அங்கே நம்மைத் தெரிந்தவர் யாருமில்லை" என்று சொல்லிவிட்டு வாப்பா கேமராவை வீட்டில் வைத்துச் சென்றார்கள்.

அடுத்த விடுப்பு வரவில்லை. 1995இல் வாப்பா அங்கேயே வஃபாத் ஆகி, அங்கேயே அடக்கப்பட்டார்கள். இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாட்களில் ஏதோ ஒரு நாள், உம்மா அந்தக் கேமராவைத் துணியில் சுற்றிப் பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அது அங்கேயே இருந்தது.

பிலிம் காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் இந்தத் தயக்கம் இருந்தது. உருவம் சமைப்பது குறித்த நபிமொழிகளின் எச்சரிக்கையை அஞ்சி, ஒளிப்படமே வேண்டாம் என்று ஒதுங்கிய பெரியவர்கள் உண்டு. கடவுச்சீட்டுக்காகவும் ஹஜ்ஜுக்காகவும் மட்டும் வாழ்நாளில் ஒரே ஒருமுறை படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆலிம்களிடையேயும் இதில் ஒரே கருத்து இல்லை. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷேக் முஹம்மது பகீத் அல்-முதீஈ அவர்கள், ஒளிப்படம் புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று, இருக்கும் நிழலைத் தடுத்து நிறுத்துவது மட்டுமே என்று வாதிட்டுத் தனி நூலே எழுதினார்கள். அதை ஏற்காத ஆலிம்களும் பலர். அந்தத் தீர்ப்பைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. படம் கூடும் என்று கருதிய குடும்பங்களுக்கும்கூட, அதை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி மீதமிருந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சில நாட்கள் கழித்து, ஃபஜ்ருக்குப் பின் உம்மா என்னை அழைத்தார்கள். "எனக்கும் வயதாகிறது. இதை வெளியே கொடுக்கக் கூடாது. நீயே கழுவ முடியுமென்றால் கழுவு. முடியாதென்றால் நெருப்பில் போட்டுவிடலாம்" என்றார்கள். எனக்கு அதில் எதுவும் தெரியாது. ஆயினும், இன்ஷா அல்லாஹ், கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

கற்கத் தொடங்கியபோதுதான் அந்த வேலையின் நுட்பம் புரிந்தது. பிலிமின் மேற்பூச்சில் வெள்ளி உப்பின் மிக நுண்ணிய படிகங்கள் உள்ளன. ஷட்டர் திறக்கும் நொடிப்பொழுதில் ஒளி பட்ட படிகங்களில் மட்டும் சில அணுக்கள் வெள்ளியாக மாறுகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. டெவலப்பர் என்னும் கரைசலில் இட்டால், அந்தச் சில அணுக்களைப் பற்றிக்கொண்டு படிகம் முழுவதும் வெள்ளியாகிக் கருமை கொள்கிறது. ஒளி படாத உப்பை ஃபிக்சர் கரைத்து நீக்குகிறது. இதைத்தான் நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். கழுவும்வரை படம் சுருளுக்குள் மறைந்தே இருக்கும். வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கு ஆண்டு அதன்மேல் ஒரு மூட்டத்தைப் படரவிடும். எங்கள் கடற்கரையில் அவ்விரண்டுக்கும் குறைவே இல்லை.

இன்னொரு செய்தியும் தெரியவந்தது. வாப்பாவின் சுருள் வண்ணப் பிலிம். வண்ணப் பிலிமைக் கழுவ ஏறத்தாழ 38 பாகை வெப்பத்தில் வேறு கரைசல்கள் வேண்டும். இத்தனை ஆண்டு கிடந்த சுருளில் வண்ணங்களை நம்ப முடியாது. கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவினால் வண்ணம் கிடைக்காவிட்டாலும், வெள்ளியில் பதிந்த உருவமாவது கிடைக்க வாய்ப்புண்டு. டெவலப்பரில் சிறிது பொட்டாசியம் புரோமைடு சேர்த்தால் மூட்டமும் ஓரளவு குறையும். அந்த வழியையே தேர்ந்தேன்.

முதலில் புதிய பிலிமில் பழக வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் நம் உதகமண்டலத்திலேயே, 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. இன்று அது இல்லை. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு எச்.பி.5 சுருள்களை வரவழைத்தேன். டெவலப்பராக டி-76. மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்ஃபைட்டு, வெண்காரம் ஆகிய நான்கும் சேர்ந்த பழைய கலவை அது. சம அளவு நீர் கலந்து, 20 பாகையில் 11 நிமிடம் கழுவ வேண்டும்.

எங்கள் வீட்டுக் குழாயில் 20 பாகை நீர் எந்த மாதத்திலும் வருவதில்லை. கிணற்று நீரோ உப்பு. ஆகவே கேன் தண்ணீரில் கரைசலைக் கலந்து, பாட்டிலைப் பனிக்கட்டி போட்ட வாளியில் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பேன். டெவலப்பரை நிறுத்துவதற்கு, சமையலறை வினிகரில் நீர் கலந்தாலே போதும். பழைய வீடுகளில் சன்னல் இல்லாத சாமான் அறை ஒன்று இருக்குமே, அதுவே எனக்கு இருட்டறை. இஷாவுக்குப் பின் கதவிடுக்குகளைப் போர்வையால் அடைத்து, கண்ணை மூடினாலும் திறந்தாலும் வேறுபாடு தெரியாத அந்த இருளில், விரல் நுனியால் மட்டும் பிலிமைச் சுருளியில் ஏற்றப் பழகினேன்.

முதல் சுருளைப் பெருநாள் கழிந்த பின் பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் எடுத்தேன். 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலமும், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கும் காட்சி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் சுவர்கள். வலை உலர்த்தும் கரை. முப்பத்தாறு படங்களுக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. கைபேசியில் அரை மணி நேரத்தில் இருநூறு எடுத்திருப்பேன்.

அன்று இரவு கழுவிப் பார்த்தபோது சுருள் முழுவதும் கண்ணாடிபோல் வெறுமையாக வந்தது. பாட்டில்களை மாற்றி எடுத்து, ஃபிக்சரை முதலில் ஊற்றியிருந்தேன். படமாகியிருக்க வேண்டிய வெள்ளி அனைத்தையும் அது கரைத்துவிட்டது. திருத்த வழியே இல்லை. உம்மா அந்த வெற்றுச் சுருளை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார்கள். எதுவும் சொல்லவில்லை. அது வாப்பாவின் சுருளாக இருந்திருந்தால் என்ற எண்ணம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கும். பாட்டில்களில் 1, 2, 3 என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். மீண்டும் தனுஷ்கோடிக்குச் சென்றேன். அதன்பின் மூன்று சுருள்கள் பழுதின்றி வந்தன.

இந்தப் பழக்கத்தில் இரண்டு செய்திகள் என் மனத்தில் தங்கின. ஒன்று நீர். பிலிமை இறுதியாக அலச, ஓடும் குழாயின் கீழ் நெடுநேரம் வைப்பது பழைய முறை. இல்ஃபோர்டு சொல்லும் முறையில் மூன்று முறை நீர் மாற்றினால் போதும்: முதல் நீரில் 5 முறை, இரண்டாவதில் 10 முறை, மூன்றாவதில் 20 முறை கலத்தைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். உளூவில்கூட நீரை வீணாக்காதே என்று கேட்டு வளர்ந்தவனுக்கு, அதிலும் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரனுக்கு, அது மனநிறைவு தந்தது. மற்றொன்று கழிவு. பயன்படுத்திய ஃபிக்சரில் கரைந்த வெள்ளி இருக்கிறது. அது நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு. எங்கள் சாக்கடைக்கு அப்பால் இருப்பது மன்னார் வளைகுடா. 21 தீவுகளும் பவளப் பாறைகளும் கொண்ட அந்தக் கடலில் அதைச் சேரவிட மனம் வரவில்லை. துருப்பிடிக்கும் வகை இரும்பு நாரை அந்தக் கரைசலில் ஊறவைத்தால் வெள்ளி அதன்மேல் படிந்து இறங்கிவிடும். ஒரு ஜாடியில் அப்படியே சேர்த்துவருகிறேன்.

இருட்டறையில் தனியே நிற்கும்போது இப்னு அல்-ஹைஸம் நினைவுக்கு வருவார். பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை எழுதியவர். துளையிட்ட இருண்ட இடத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் மற்றதோடு கலக்காமல் உள்ளே தனித்தனியே விழுவதைக் காட்டினார். கேமரா என்பதும் துளையிட்ட ஓர் இருட்டறைதானே. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பிலிம் சுருளைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

மே மாதத்தில் ஒரு வெள்ளி இரவு, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வாப்பாவின் சுருளை எடுத்தேன். இருளில் ஏற்றிக் கலத்தை மூடியபின் விளக்கைப் போட்டேன். உம்மா கடிகாரத்தோடு எதிரில் அமர்ந்து, ஒவ்வொரு நிமிடம் முடியும்போதும் எண்ணைச் சொன்னார்கள். நான் கலத்தைக் கவிழ்த்து நிமிர்த்தினேன். ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் பாட்டிலின் எண்ணை இருவரும் உரக்கப் படித்தோம்.

வெளியே எடுத்தபோது பிலிம் கருஞ்செம்மையாக இருந்தது. பெரும்பகுதி மூட்டம். பதினேழில் பன்னிரண்டில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தில் ஏதோ இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். உலர்ந்தபின், சிவப்பு விளக்கொளியில் அந்த ஐந்தையும் படத்தாள்மேல் நேரடியாக வைத்து அழுத்தி அச்சிட்டேன். வண்ணப் பிலிமின் செம்மஞ்சள் அடிப்பூச்சு ஒளியை மறைப்பதால் நெடுநேரம் பிடித்தது. தபால்தலையைவிடச் சற்றே பெரிய ஐந்து படங்கள் கிடைத்தன.

ஒன்றில் நானும் ராத்தாவும் திண்ணையில். இரண்டில் உருவம் அசைந்து கலங்கியிருந்தது. நான்காவதில் உம்மா கோழிகளுக்குத் தீனி போட்டபடி, முக்காடின்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி அவர்கள் சிரித்து நான் கண்டதாக நினைவில்லை. ஐந்தாவதும் அதே கொல்லைதான். உம்மா குனிந்திருக்கிறார்கள். மாலை வெயிலில், படம் எடுப்பவரின் நிழல் மணல்மேல் நீண்டு உம்மாவின் காலருகே வந்து நிற்கிறது.

உம்மா மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு அந்தப் படத்தையே பார்த்தார்கள். தம் முகத்தை அவர்கள் தேடவில்லை. நிழலின் மேல் விரல் வைத்து, "தொப்பி போட்டிருக்கிறார்கள் பார். அஸர் தொழுதுவிட்டு வந்த நேரம்" என்றார்கள். கடவுச்சீட்டில் ஒட்டிய படத்தைத் தவிர வாப்பாவின் படம் எங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை. இப்போது இந்த நிழல் இருக்கிறது. முஃப்தி அவர்கள் எழுதியது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அதை உம்மாவிடம் சொல்லவில்லை.

"இது கைபேசிக்குள் போகுமா?" என்று கேட்டார்கள். போகாது என்றேன். இன்றுவரை போகவில்லை. நிழல் விழுந்த படம் உம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. மற்றவையும் நெகட்டிவும் அதே வெள்ளைத் துணிக்குள் திரும்பிப் போயின. "என் மவுத்துக்குப் பின் ராத்தாவிடம் கொடு. வைப்பதா எரிப்பதா என்று அவள் முடிவு செய்யட்டும்" என்பது உம்மாவின் சொல். இதை எழுத அவர்களிடம் அனுமதி கேட்டேன். எழுதலாம், காட்டக் கூடாது என்றார்கள். ஆகவே இந்தப் பதிவில் படம் எதுவும் இல்லை.

வாப்பா அந்தச் சுருளை ஓர் அமானிதமாகக் கருதினார்கள். கழுவிப் பார்க்கும் ஆசை அவர்களுக்கும் இருந்திருக்கும். தம் மனைவியின் கண்ணியம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நாமோ இன்று வீட்டுப் பெண்களின் படங்களை எடுத்த மறுநொடியே உறவினர் குழுக்களில் அனுப்பிவிடுகிறோம். அவர்களிடம் கேட்பதில்லை. அது எத்தனை கைகளுக்குப் போகும் என்று எண்ணுவதுமில்லை. அந்த மே மாத இரவுக்குப் பின் என் கைபேசியைத் திறந்து, என் மனைவியையும் மகளையும் அருகில் அமர்த்தி, எதை வைக்கலாம், எதை நீக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. நீக்கச் சொன்னவை நான் நினைத்ததைவிட அதிகம்.

வாப்பாவின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்கி ஒளியால் நிரப்புவானாக. உம்மாவின் ஹயாத்தை நீளமாக்குவானாக. ஆமீன்.