லயத்துக்குள் நுழைய ஒரு காரணம்

உளவுக் கதை எழுத வருகிற இளைஞர்கள் முதலில் தங்கள் நாயகன் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்து ஒரு கார். பிறகு கொழும்பில் கடல் தெரிகிற ஹோட்டல் அறை. அவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். மலையகத்தில் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில், வேலை நாளில், காலை பத்து மணிக்கு உங்கள் ஆள் எதற்காக நிற்கிறான்?

அந்த நேரத்தில் கொழுந்தெடுக்கிறவர்கள் மலையில் இருப்பார்கள். லயத்தில் மிஞ்சியிருப்பது வயதானவர்களும் காய்ச்சல்காரர்களும்தான். அவர்களுக்குத் தெரியாத முகம் அந்தப் பாதையில் ஏற முடியாது. “எந்தத் தோட்டம்? யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?” என்று ஒரு பாட்டி கேட்பாள். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால்தான் அவன் ஒற்றன். அந்தப் பதிலிலிருந்துதான் அவனுடைய உடை, பேச்சு, பயம், சம்பளம் எல்லாம் பிறக்கும்.

பதுளையில் உட்கார்ந்து உளவுக் கதை எழுதும் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஆசான் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். 1920ஐ ஒட்டி அவர் இலங்கைக்கு வந்தபோது தோட்டம் என்பது துரை நிர்வகிக்கும் தனியார் நிலம். அனுமதி இல்லாமல் லயத்துக்குப் போகிற வெளியாள் மீது அத்துமீறல் வழக்குப் போடலாம். தொழிலாளர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நேரில் பார்க்க விரும்பிய நடேசய்யர், புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போனார். பின்னாளில் சட்டசபை உறுப்பினராகவும், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தவராகவும் நாம் அறிகிற மனிதர், உள்ளே போன முதல் வழி அந்தத் துணி மூட்டைதான்.

அந்த வேடம் எவ்வளவு பொருத்தமானது என்பதைக் கதை எழுதுகிறவனின் கண்ணோடு பார்த்தால் வியப்பு அடங்காது. புடவைக்காரன் வந்தால் லயத்துப் பெண்கள் தாமாகவே கூடுவார்கள். அவன் திண்ணையில் உட்காரலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். விலை பேசினால் பேச்சு நீளும். கடனுக்குத் தருவீர்களா என்று ஒருத்தி கேட்டால், எப்போது சம்பளம், இந்த மாதம் எத்தனை நாள் கூலிக்குப் பேர் விழுந்தது, எத்தனை நாள் பாதிக் கூலிக்கு அரைப்பேர் போட்டார்கள், கங்காணி எவ்வளவு பிடித்தார் என்பதெல்லாம் கேட்காமலே வந்து விழும். மற்ற வேடங்களில் ஒற்றன் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். இந்த வேடத்தில் கணக்கு தானாகவே விரியும். கங்காணியும் சந்தேகப்பட மாட்டார், அவருக்கும் தீபாவளிக்கு ஒரு வேட்டி வேண்டும்.

இதே நடேசய்யர் 1924இல் ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’ என்ற துப்பறியும் கதையையும் எழுதியிருக்கிறார். தலைப்பைப் பார்த்ததும் பரோனஸ் ஓர்ட்ஸியின், தேநீர்க்கடை மூலையில் உட்கார்ந்தபடியே குற்றங்களை அவிழ்க்கும் கிழவர் நினைவுக்கு வருவார். அந்த ஓர்ட்ஸிதான், வெளியில் சோம்பேறிப் பிரபுவாகவும் மறைவில் உயிர்களைக் காப்பாற்றுகிறவனாகவும் இரட்டை வாழ்க்கை வாழும் ‘ஸ்கார்லெட் பிம்பர்னல்’ நாயகனைப் படைத்தவர். பின்னால் வந்த முகமூடி நாயகர்கள் பலருக்கு மூதாதை அவன். மலையகத்தில் தமிழ்த் துப்பறியும் கதையைத் தொடங்கிவைத்தவர் தானே வேடமிட்டு உளவறிந்தவர் என்பது எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து. அதை நாங்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை.

வாசகனாக நான் வளர்ந்ததும் எல்லோரையும் போலத்தான். தமிழ்வாணனின் சங்கர்லால், ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட், முத்து காமிக்ஸில் நிழற்படைக்காக உழைக்கும் இரும்புக்கை மாயாவி. சங்கர்லால் கோப்பை கோப்பையாகத் தேநீர் குடித்துவிட்டு யோசிக்கத் தொடங்கும்போது, அந்தத் தேயிலை நம் மலையில் பறித்ததாகத்தான் இருக்கும் என்று நம்பிப் படித்த பிள்ளைகள் நாங்கள். அந்தக் கதைகளிடம் வேகத்தைக் கற்றேன், அத்தியாயத்தை எந்த இடத்தில் அறுப்பது என்பதைக் கற்றேன். ஆனால் அவர்களில் எவரிடமும் யாரும் ‘நீ யாரு வீட்டுப் புள்ள?’ என்று கேட்டதே இல்லை. எங்கள் ஊரில் முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுவார்கள்.

வேடத்தைப் பற்றி எனக்கு வேறொரு பள்ளிக்கூடமும் உண்டு, காமன்கூத்து. மாசி மாதத்தில் தோட்டங்களில் அரிதாரம் பூசி, முடி வைத்து, ரதியும் மதனுமாக ஆடி வருவார்கள். கூடியிருக்கிற சனம் பார்த்தவுடனே சொல்லிவிடும், ரதி இன்னாருடைய இரண்டாவது மகன் என்று. நடையை வைத்துச் சொல்வார்கள், இருமலை வைத்துச் சொல்வார்கள். சாமியாக நினைத்துக் கும்பிடுவதும் ஆளை அடையாளம் காண்பதும் ஒரே கண்தான். இப்படிப்பட்ட கண்கள் முன்னால் ஒட்டு மீசை வைத்த உளவாளியை நிறுத்துவது வாசகரை அவமதிப்பது. முகத்தை மாற்றி இங்கே ஏமாற்ற முடியாது. செய்கிற வேலைதான் மறைப்பு. அந்த வேலை அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கல்கிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ‘பொன்னியின் செல்வ’னில் ஆழ்வார்க்கடியான் அநிருத்தப் பிரம்மராயரின் ஒற்றன், ஆனால் போகிற இடமெல்லாம் சைவர்களோடு சண்டை பிடிக்கிறான். இவ்வளவு சத்தம் போடுகிறவனிடம் இரகசியம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அந்தச் சண்டையும் போலி இல்லை, அவன் பக்தி உண்மை. நல்ல மறைப்பில் பாதிக்கு மேல் உண்மை இருக்கும். ஆனால் உண்மையான வேலை மட்டும் போதாது. இன்றைய லயங்களில் வாரம் தவறாமல் ஏறி இறங்குகிறவர் நுண்கடன் வசூலிக்க வருகிறவர். அவரை ஒற்றனாக்கலாமா என்று எழுதிப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. எல்லாக் கதவும் அவருக்குத் தெரியும், ஆனால் அவரைக் கண்டால் கதவு சாத்தப்படும். உள்ளே போக முடிவது ஒன்று, உண்மை காதில் விழுவது வேறொன்று.

துறவி வேடம் வள்ளுவரின் ஒற்றாடல் அதிகாரத்திலேயே இருக்கிறது. ‘சிவகாமியின் சபத’த்தில் நாகநந்தி காவியுடை அணிந்தே காரியம் பார்க்கிறார். இந்த மரபை நான் தொடத் தயங்குவதற்குக் காரணம் தியத்தலாவை. பதுளையிலிருந்து மேலே ஏறினால் வருகிற அந்த இராணுவ ஊரில், 1900 முதல் தென்னாப்பிரிக்கப் போயர் போர்க் கைதிகளை வைத்திருந்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் இலங்கையில் இருந்த ஜெர்மானியரை அங்கே அடைத்தார்கள். அவர்களில் பௌத்த பிக்குகளும் இருந்தார்கள். ஞானதிலோக தேரர் இரண்டு போர்களிலும் தியத்தலாவை பார்த்தவர். இரண்டாம் போரின்போது அங்கே இருந்த ஞானபோனிக தேரர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ஹிட்லரின் ஜெர்மனிக்குத் திரும்பவே முடியாதவர். அவரையும் எதிரி நாட்டான் என்றே எழுதினார்கள், பிறகு கடல் தாண்டி டேராடூனுக்கு அனுப்பினார்கள். கதையில் பொய்த் துறவி ஒற்றனாகிறான். எங்கள் மலையில் மெய்த் துறவிகளை அரசு சந்தேகித்துப் பூட்டியது.

தியத்தலாவைக் கைதிகளில் எங்கல்பிரெக்ட் என்ற போயரும் ஒருவர். பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் அவரால் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. இங்கேயே தங்கி யால வனவிலங்குக் காப்பகத்தின் முதல் காவலராக ஆனார். 1914இல் ஜெர்மனியின் எம்டன் கப்பல் இந்துமாக்கடலைக் கலக்கியபோது, அந்தக் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். அது பொய்யென்று பின்னால் தெளிவானது. ஒரு மனிதனை ஒற்றனாகக் காட்டுவதற்கு அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பழைய பிடிவாதமும் தனிமையான வீடும் போதும். தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ சந்தேகத்தின் பேரில் பிடித்துப்போகப்பட்ட ஒரு மலையகத் தமிழரின் கதை. அதைப் படித்தவர்கள் உளவுக் கதையில் விசாரணை அறையை விளையாட்டாக எழுத முடியாது. நானும் எழுதுவதில்லை. என் கதைகளில் விசாரணை அறைக்குள் இருப்பவர் பெரும்பாலும் எதுவும் தெரியாதவர். தெரிந்தவன் வெளியே தேத்தண்ணிக் கடையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

போலிக் கடவுச்சீட்டு இந்தக் கதைகளுக்கு இன்றியமையாதது என்பார்கள். என் வாசகர்களின் தாத்தாக்களுக்கு உண்மையான கடவுச்சீட்டே இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இன்னொன்று, வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது என்று வாழ்கிறவர்கள் இங்கே இன்றும் உண்டு. ஆகவே ஒற்றனுடைய கடதாசிகளைச் சோதிக்கும் காட்சியில் நான் பதற்றத்தை வேறிடத்தில் வைக்கிறேன். அவன் கடதாசிகளில் எல்லாப் பெயரும் பிசகில்லாமல் ஒத்துப்போகின்றன. தோட்டத்து ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற கிளாக்கருக்கு அதுதான் உறுத்துகிறது.

ஒற்றனைவிட எனக்குப் பிரியமான பாத்திரம் காட்டிக்கொடுப்பவன். பிரியம் என்றால் அவனை நியாயப்படுத்துவதில்லை, முழுதாக எழுத விரும்புவது. 1940 மே மாதம் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்த துரை ஒப்புக்கொண்டார். அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்கள் ஆயுதங்களைப் பறித்தார்கள் என்று கட்சி வரலாறு சொல்கிறது. அந்த நாட்களில் பெருவெள்ளம் வந்து ஊவா மாகாணத்தை ஒரு வாரத்துக்கு மேல் வெளியுலகிலிருந்து துண்டித்தது.

இந்த வெள்ளத்தைப் பின்னணியாக வைத்துத்தான் என் நாவலை எழுதுகிறேன். லயத்துக்குள்ளிருந்து துரையின் பங்களாவுக்குச் செய்தி கொண்டுபோகிற ஒருவன் அதில் இருக்கிறான். அவனுக்குப் பொன் மூட்டை யாரும் தரவில்லை. அவன் கேட்டது பிள்ளைகளைப் படுக்கவைக்க லயத்தில் இன்னோர் அறை, இன்னொரு காம்பரா. ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யாதே என்பது வள்ளுவர் அறிவுரை. லயத்தில் காம்பரா கொடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். துரைக்கு இது தெரியாது, இவனுக்குத் தெரியும். ஆகவே கேட்ட கூலியை வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கிறான். அந்தச் சமயத்தில் பாதைகள் உடைந்து, அவன் கொண்டுபோன செய்தி பங்களாவோடு நின்றுவிடுகிறது. ஒரு வாரம் முழுக்க அவன் தன் சனத்தோடு, அவர்கள் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். துரத்தல், துப்பாக்கிச் சூடு எதுவும் வேண்டாம், அந்த ஒரு வாரம் போதும்.

துரத்தலே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்று வந்த நிலையத்துக்கு அடியிலேயே குகைக்குள் நுழைந்து போகிறது. 1924இல் பதுளைக்கு ரயில் வந்த நாளிலிருந்து அந்த வளைவு ஒரு நல்ல கதாசிரியருக்காகக் காத்திருக்கிறது. நிலையத்தில் இறங்கியவன் மேலே நிற்க, அவனைப் பின்தொடர்ந்தவன் ரயிலோடு அவன் காலடியில் போகிறான். வேறெங்கே கிடைக்கும் இப்படி ஒரு காட்சி!

இப்போது எழுதிவரும் பாகத்தில் நான் மிகவும் கவனமாகச் செதுக்குவது ஒரு பெண்ணை. நடேசய்யரோடு அவர் மனைவி மீனாட்சி அம்மையும் தோட்டந்தோட்டமாகப் போனார். அவர் பாட்டுப் பாடினால் கூட்டம் சேரும், பிறகு பேச்சு நடக்கும். அவர் வழியில் யோசித்தபோது எனக்குக் கிடைத்தவள், தாய்மார் வேலைக்குப் போகையில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயம்மா. பால் கொடுக்க மலையிலிருந்து தாய்மார் இறங்கி வரும் வேளையில் பத்து நிமிடம் உட்காருவார்கள். எந்த மலையில் கங்காணி கத்தினார், யாருடைய பேரை வெட்டினார்கள், பங்களாவுக்கு யார் வந்து போனது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் அவள் காதுக்கு வந்துவிடும். அவள் எங்கும் போக வேண்டியதில்லை, எதையும் கேட்க வேண்டியதில்லை. வேலைநிறுத்தச் சபைக்காக உளவு பார்க்கிறவள் அவள்தான். காம்பரா கேட்டவனின் மனைவியும் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க அவளிடம்தான் வருகிறாள். கணவன் இரவில் எங்கே போய்வருகிறான் என்று தெரியாமல், அவன் சேறு பூசிய காலோடு வருவதைக் குறையாகச் சொல்கிறாள். ஆயம்மாவுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அதைச் சபைக்குக் கொண்டுபோனால் மடியில் கிடக்கிற இந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் என்ன செய்வாள் என்பதை இன்னும் எழுதவில்லை. அதற்கு முன்னால் அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பல வருடப் பழக்கத்தை உண்டாக்க வேண்டும்: எப்போது அரிசி கடன் வாங்கினாள், முதல் பிரசவத்துக்கு யார் கூட இருந்தார், சடங்குக்குச் சேலை கொடுத்தது யார்.