பிழைப் பட்டியலில் ஒரு நட்சத்திரம்

பணி ஓய்வு பெற்றதும் எங்கள் ஓய்வூதியர் சங்க இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. 2010 வாக்கில், அதை டபிள்யூ3சி-யின் சிஎஸ்எஸ் சரிபார்ப்பானில் போட்டுப் பார்த்தேன். பிழைகள் எல்லாம் ஒரே இடத்தில்: விவரம் அனுப்பும் படிவத்துக்காகச் சேர்த்த இலவச செருகுநிரலில்.

சில வரிகளின் முன்னால் நட்சத்திரக் குறி, சிலவற்றில் அடிக்கோடு. சரிபார்ப்பான் கணக்கில் தவறுதான், ஆனால் தெரிந்தே எழுதியது. புரியாத வரியை உலாவி தாண்டிப் போகவேண்டும் என்பது விதி. 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 இரண்டையும் படித்துவிடும். 7-ஆம் பதிப்பு நட்சத்திரத்தை மட்டும் படிக்கும். ஓரமாக ஒதுக்கிய பெட்டியின் இடைவெளியை 6 இரட்டிப்பாக்கிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் அதன் காதில் மட்டும் விழும்படி ஒரு வரி.

அவற்றை நீக்கினால் பக்கம் பிழையின்றித் தேறும். ஆனால் எண்பதைத் தாண்டிய உறுப்பினர் ஒருவர், மகன் விட்டுப்போன பழைய கணினியில்தான் படிவம் நிரப்பிவந்தார். அவருக்கு 'அனுப்பு' பொத்தான் கீழே நழுவிக் கண்ணுக்கே தெரியாமல் போகும். குடும்ப ஓய்வூதிய விவரமெல்லாம் அதன் வழியாகத்தான்.

பிழைகளை அப்படியே விட்டுவைத்தேன். அவருக்குப் புதுக் கணினி வந்த பிறகே எடுத்தேன்.

2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாப்டே அந்த உலாவிக்கு விடைகொடுத்துவிட்டது. இப்போது, "உங்க போன் பழசு சார்" என்று நம்மைத் திருப்பி அனுப்புகிறார்களே, அப்போதெல்லாம் அந்த நட்சத்திரத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். யாரோ முகம் தெரியாத ஒருவர், பழையதை வைத்திருப்பவரையும் கணக்கில் சேர்த்திருந்தார்.