கரண்ட் போன இரவும் 6 விடைத்தாளும்



கடல்மீன் தொட்டிக்கு மோட்டரும் பைப்பும் எப்படிப் போடுவது என்று பழைய மாணவர்கள் இரண்டு பேர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்கள். எனது பிழையையும் சேர்த்துப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

2022, கரண்ட் வெட்டு உச்சத்தில் இருந்த நாட்கள். என்னிடம் 4 அடி நீளம், 1.5 அடி அகலத் தொட்டி. கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப். மேல் தொட்டித் தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும், மோட்டர் அதைத் திரும்ப மேலே ஏற்றும். ஏற்றும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 4 அங்குலம் கீழே வைத்திருந்தேன். மோட்டர் நின்றால் அதே குழாய் சைபனாகி, வாய் வெளியே தெரியும்வரை தண்ணீரைக் கீழே இழுக்கும். 120 × 45 × 10 சென்ரிமீற்றர், அதாவது 54 லீற்றர். சம்பில் மிச்ச இடம் 20 லீற்றர்தான். ஒருவழி வால்வு இருக்கிறதே என்ற தைரியம். உப்பும் பாசியும் படிந்து அது மூடவேயில்லை.

சுபஹுக்குக் கொஞ்சம் முந்திக் கரண்ட் வந்தது. தண்ணீர் குறைந்த சம்பில் மோட்டர் காற்றை உறிஞ்சிக் கத்திய சத்தத்தில்தான் எழும்பினேன். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்த தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. ஃபேனுக்குக் கீழே காயவைத்தேன். 6 தாள்களில் மை கரைந்து ஓர் எழுத்தும் தெரியவில்லை.

வகுப்பில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சேர், நீங்கதானே திரவ அமுக்கம் படிப்பிச்சீங்க?" என்று ஒருவன் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த 6 பேருக்கும் திரும்பப் பரீட்சை வைத்தேன். வழமையாகக் குறைவாக எடுக்கும் ஒரு பிள்ளை, "முதல் தரம் நல்லா எழுதினேன் சேர்" என்றது. அது உண்மையா என்று பார்க்க என்னிடம் தாள் இல்லை. விடைத்தாள் ஓர் அமானிதம். அதைத் தரையில் வைத்தவன் நான்.

இப்போது நான் செய்வது இதுதான்:

குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் மட்டும் கீழே. மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை. அது வழியாகக் காற்றுப் புகுந்தால் சைபன் அறுந்துவிடும். துளையைக் கிழமைக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். ஒருவழி வால்வை நம்புவதில்லை.

மோட்டர் பெட்டியில் போட்டிருக்கும் லீற்றர் கணக்கு, தண்ணீரை உயர்த்தாதபோது வரும் அளவு. உயரம் கூடக்கூட அது குறையும். மோட்டர் வாயைவிட ஒடுங்கிய பைப் போடாதீர்கள். ஒரு 90 பாகை எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 போட்டால் தடை குறையும். மோட்டருக்கு மேலே ஒரு யூனியன் வைத்தால், கழுவுவதற்குப் பைப்பை வெட்டத் தேவையில்லை. பித்தளைப் பொருத்துகள் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள செம்பு நத்தை, இறால், பவளத்துக்கு நஞ்சு.

உப்புப் போடமுதல் நல்ல தண்ணீரை நிரப்பி, மோட்டர் ஓடும்போது பிளக்கைக் கழற்றுங்கள். ஒரு சொட்டும் வெளியே போகாதபடி சம்பில் தண்ணீரைச் சரிபார்த்துவிட்டு, திரும்ப மோட்டரை ஓடவிட்டு, அந்த மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதற்கு மேல் நிரப்பாதீர்கள்.

விடைத்தாள்கள் இப்போது அலுமாரியின் மேல் தட்டில். அந்தப் பிள்ளை இதை வாசித்தால், மகனே, இன்னொரு தரம் மன்னித்துக்கொள்.