ஏரிக்கரையும் பத்து மாடியும்

ஸ்ரீபெரும்பூதூர் என்று சொன்னதும், "உடையவர் அவதரித்த ஸ்தலம் அல்லவா!" என்று கைகூப்புகிற பாட்டிமார் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பேரப் பிள்ளைகளைக் கேட்டாலோ, "மோட்டார் கார் செய்கிற ஊர்" என்பார்கள். இரண்டும் மெய்தான். 1017-ம் ஆண்டில் ஸ்ரீ ராமாநுஜர் பிறந்த அந்த ஊருக்குத் தெற்கே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில் சாலையும் குறுக்கே வெட்டிக் கொள்ளும் இடத்தில் ஒரகடம் இருக்கிறது. அதைப் பார்த்து வரலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம்.

தாம்பரத்தில் பஸ் ஏறினோம். முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை என்று ஊர்கள் வந்து போயின. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே முன்னெல்லாம் வயல் இருக்கும். இப்போது மனை விற்பனைப் பலகைகள் இருக்கின்றன. 2015-ம் வருஷம் டிசம்பர் ஆரம்பத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்களைப் படகு வைத்து மீட்க வேண்டியிருந்தது. அடையாறு பிறக்கும் ஆதனூர் ஏரி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிறந்தகத்தை விட்டு ஆறு கிளம்பும் வழியிலேயே நாம் வீடு கட்டிக் கொண்டால், பாவம், அது எங்கேதான் போகும்?

ஒரகடத்தில் இறங்கியதும் கண்ணில் படுவன மேம்பாலமும் லாரிகளும் முடிவில்லாத மதிற்சுவர்களும். ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. டைம்லர் லாரிக் கம்பெனி 2012-ல் வந்தது. அடுத்த வருஷம் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். கருவி செய்கிற தொழில் இந்த வட்டாரத்துக்குப் புதிது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பக்கத்திலுள்ள வடக்குப்பட்டில் 2022-ல் தொல்பொருள் இலாகாவினர் தோண்டியபோது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதர் செய்த கல்லாயுதங்கள் கிடைத்தன. அந்த மனிதர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதைப் பற்றி அக்காலத்தில் வழக்கு ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை.

இக்காலத்தில் அதுதான் வழக்கு. சாலையோரத்து டீக்கடையில் இரவு வேலை முடிந்து வந்த பெண் ஒருத்தி நின்றிருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். "எங்கேயம்மா ஜாகை?" என்று கேட்டோம்.

"இரண்டு அறை வீடு ஸார். ஒன்பது பேர் இருக்கிறோம். நாங்கள் எழுந்து போனால் அடுத்த ஷிப்டுக்காரர்கள் வந்து படுப்பார்கள். பாயில் சூடு ஆறுவதே இல்லை" என்று சிரித்துக் கொண்டே சொன்னாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

2021-ம் வருஷம் டிசம்பரில், விடுதிச் சாப்பாடு ஒத்துக் கொள்ளாமல் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அப்போதுதான், இத்தனை பெண்கள் எங்கே தூங்குகிறார்கள் என்ற கேள்வி நாட்டில் பலருக்கும் உதித்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெரிய விடுதி திறக்கப்பட்டது. செலவு ரூ. 706.50 கோடி. பத்து மாடிக் கட்டடங்கள் 13. ஒவ்வொன்றிலும் 240 அறைகள். அறைக்கு ஆறு பேர். மொத்தம் எத்தனை பேர் என்பதை வீட்டிலுள்ள குழந்தைகள் பெருக்கிப் பார்க்கட்டும்; பெரியவர்களுக்காக விடையையும் சொல்லிவிடுகிறோம்: 18,720. நல்ல காரியந்தான். ஆனால் கார் தொழிற்சாலை திறந்து பதினான்கு வருஷம் கழித்தா? இயந்திரத்துக்கு இடம் ஒதுக்கிப் படம் போட்ட அன்றே, அதை ஓட்டுகிறவர்களுக்கும் இடம் ஒதுக்கியிருந்தால் என்ன? ஒதுக்காததால் வந்த வினையைத்தான் அன்று நாம் நேரில் பார்த்தோம்.

டீக்கடைக்கு எதிரே ஒரு பெரியவரும் ஓர் இளைஞரும் வாதாடிக் கொண்டிருந்தார்கள். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாம். அவர்கள் கேட்டுக் கொண்டபடி ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறோம். இளைஞருக்கு ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை. அதில் அடுக்கு மாடி வீடு கட்டி வாடகைக்கு விட அவருக்கு உத்தேசம். சர்க்கார் படத்தில் அந்த நிலம் பச்சை வர்ணத்தில் விவசாயப் பகுதியாக இருக்கிறது. அதைக் குடியிருப்புப் பகுதியாக மாற்ற மனுப் போட்டிருக்கிறார்.

இந்த வர்ணங்களெல்லாம் 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி ஏற்பட்டவை. 2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தபோது, இந்த வட்டாரமும் பட்டணத்துக் கணக்கில் சேர்ந்தது. அதற்கு முன்பு கேட்பாரில்லாமல் வயலைக் கூறு போட்டு விற்றவர்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் ஹைகோர்ட்டார் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று தடுத்த பிறகே வேகம் சற்று அடங்கிற்று. ஆகவே இந்த இளைஞர் முறைப்படி மனுப் போட்டதை நாம் மெச்சத்தான் வேண்டும்.

"ஏரியில் தண்ணீர் நின்றால்தானே ஸார் நஞ்சை? மூன்று வருஷமாகக் கடனுக்கு நட்டுக் கடனுக்கு அறுக்கிறேன். அந்தப் பெண் சொன்னதைக் கேட்டீர்களே! வீடு கட்டினால் அவர்களுக்கும் சௌகரியம், எனக்கும் பிழைப்பு" என்றார் அவர்.

பெரியவர் மண்ணில் குச்சியால் ஒரு கோடு இழுத்தார். "இது மதகு. இது வாய்க்கால். இவன் நிலம் இங்கே, என் நிலம் அதற்குக் கீழே. கட்டுவதென்றால் முதலில் மண்ணடித்து மேடாக்குவான். அப்புறம் எனக்குத் தண்ணீர் வராது. வந்தால் ஊரே முழுகுகிற மாதிரி வரும். மேட்டுப் புஞ்சையில் கட்டட்டும், நானே கடைக்கால் எடுத்துத் தருகிறேன்."

"மேட்டுப் புஞ்சை எனக்கு ஏது சித்தப்பா? அதெல்லாம் பாகப் பிரிவினையில் உங்களுக்கல்லவா வந்தது?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. குச்சியால் போட்ட கோட்டையே பார்த்துக் கொண்டிருந்தார்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்பார்கள். ஓர் ஏரியின் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழுள்ளவை அனைத்துக்கும் கேடு. அந்த வகையில் நமது அபிப்பிராயம் பெரியவர் பக்கமே சாய்ந்தது. ஆயினும் சூடு ஆறாத அந்தப் பாயும் மனத்தை விட்டு அகலவில்லை.

புறப்படும் சமயத்தில் பெரியவர் தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை நீட்டினார். ஆட்சேபணை மனு எழுத வேண்டும், கை நடுங்குகிறது, நாம் எழுதித் தர முடியுமா? பெஞ்சியில் உட்கார்ந்து, மதகு, வாய்க்கால், சர்வே நம்பர் எல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்தோம். பேனா இளைஞருடையது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கிக் கொள்ளவில்லை.

"அதற்கு நான் பதில் மனுக் கொடுக்க வேண்டும் ஸார். நான் இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு அழகாக எழுத வராது. தயவு செய்து…"

சித்தப்பாவைப் பார்த்தோம். "எழுதிக் கொடுங்கள், அவனும் நம் பிள்ளைதானே!" என்றார் அவர்.

அதையும் எழுதினோம். இரண்டு மனுக்களும் ஒரே கையெழுத்தில் இருப்பதைக் கண்டு ஆபீஸில் என்ன நினைப்பார்களோ என்று யோசித்துக் கொண்டே தாம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம்.